பச்சை டைல் பதித்த மீன்தொட்டி

கொட்டாஞ்சேனையில் ஸஹாப்தீனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் பாதியில் விட்ட வேலைகளைத் தெரியாதவர்கள் அவர் குடியிருக்கும் ஒழுங்கையில் இல்லை. மொட்டை மாடியில் புறாக்கூடு கட்டத் தொடங்கி, கூரை போட மறந்து, புறாக்கள் வருவதற்குள் அதில் காகங்கள் குடியேறிவிட்டன. ஹோலுக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று ஏணியில் ஏறியவர் மின்விசிறி வரைக்கும் அடித்துவிட்டு இறங்கினார். அதற்கு அப்பால் இன்னும் பழைய நிறம்தான். படுக்கையறை அலுமாரிக்கு ஒரு கதவுதான். மற்றக் கதவும் வரும் என்று அவர் மனைவி நளீபா கல்யாணமான புதிதில் நம்பினார். இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தவர், ப்ளைவூட்டில் பெரிய மீன்தொட்டி ஒன்று செய்யப்போவதாக அறிவித்தபோது நளீபா பதறவில்லை. பருப்பு இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டார். மகள் ஷிம்னாதான், எந்தப் பாதி வரைக்கும் செய்வதாக உத்தேசம் என்று விசாரித்தாள்.

ஸஹாப்தீன் கோபிக்கவில்லை. பெரிய காரியத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஆமர் வீதியில் அவருக்குக் குளியலறைச் சாமான் கடை. குழாய், பேசின், கொமட், டைல் என்று தண்ணீர் வந்து போகிற பொருட்களையே காலம் முழுவதும் விற்ற மனிதர், தண்ணீர் வந்து நிற்கிற பொருள் ஒன்றைத் தன் கையால் செய்து பார்க்க ஆசைப்பட்டதில் தப்பில்லை. கண்ணாடித் தொட்டியைக் கடையில் யாரும் வாங்கலாம். போனில் அவர் பார்த்த வீடியோக்களில் எங்கோ குளிர்தேசத்து மனிதர்கள் ப்ளைவூட் பலகையால் பெட்டி அடித்து, உள்ளே பைபர் துணி ஒட்டி, ரெஸின் பூசி, முன்பக்கத்துக்கு மட்டும் தடித்த கண்ணாடி வைத்து, ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய தொட்டிகளைச் செய்தார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்று அவர் கேட்டார். நளீபா படுக்கையறைக் கதவு வழியே அலுமாரியில் தொங்கிய துணியைப் பார்த்தார்.

இடத்தையும் அவர் பார்த்து வைத்திருந்தார். ஹோலுக்கும் பின் விறாந்தைக்கும் நடுச் சுவரில் யாரும் திறக்காத பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. ஜன்னலையும் அதன் கீழ்ச் சுவரையும் எடுத்துவிட்டால் தொட்டி அந்த இடைவெளியில் அச்சாக உட்காரும். கண்ணாடி முகம் ஹோலைப் பார்க்கும், மர முதுகு பின் விறாந்தையைப் பார்க்கும். ஹோலில் இருப்பவர்களுக்குச் சுவருக்குள்ளேயே மீன் நீந்துவதுபோல் தெரியும். மீனுக்குத் தீன் போடுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் பின் விறாந்தையில் நின்றபடி, யார் கண்ணிலும் படாமல். சுவரை உடைக்கும் வேலையை அவர் ஒரே நாளில் முடித்துவிட்டார். உடைக்கிற வேலை எதையும் அவர் பாதியில் விட்டதாகச் சரித்திரமில்லை.

அதற்குப் பிறகு பல வாரங்கள் ஹோலில் உட்கார்ந்தவர்களுக்கு மீனுக்குப் பதிலாகப் பின் விறாந்தையில் காயும் உடுப்புகள் தெரிந்தன. நளீபா ஓட்டைக்குக் குறுக்கே ஒரு பழைய சாரியைக் கட்டினார். தச்சு வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிடுவோம் என்றார். தன் கையால் செய்தால்தான் அது தன் தொட்டி என்று ஸஹாப்தீன் மறுத்துவிட்டார். சின்ன லொறியில் மரைன் ப்ளைவூட் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பேதுரு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, படகா கட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்று சொன்னால் தனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னார்.

ரெஸின் பூசிய வாரம் வீடு முழுவதும் தலையிடி. சிலிக்கன் பூசிய வாரம் வினாகிரி வாசம். சிலிக்கன் காயும்போது அப்படித்தான் மணக்கும் என்று ஸஹாப்தீன் விளக்கினார். ஆனால் ஒழுங்கை முழுக்க நளீபா அச்சாறு போடுவதாகப் பேச்சாகி, தெரிந்தவர்களெல்லாம் சின்னப் போத்தல்களோடு வந்து நின்றார்கள். அவர்களைச் சமாளிக்க நளீபா கடைசியில் உண்மையாகவே அச்சாறு போட வேண்டியதாயிற்று. முதல் முறை தண்ணீர் விட்டபோது ஒரு மூலை கசிந்து, வீட்டிலிருந்த துவாய்களெல்லாம் தரையில் கிடந்தன. இத்தோடு மனிதர் இதையும் விட்டுவிடுவார் என்று தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் விடவில்லை. தண்ணீரை இறக்கி, மூலையைச் சுரண்டி, காயவிட்டு, மறுபடி பூசினார். அந்த முறை ஒரு சொட்டு கசியவில்லை. அன்றைக்கு அவர் தொட்டியின் நாலு பக்கமும் ஒரு பேப்பர்த் துண்டால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்திருந்த அந்தத் துண்டை ஆளாளுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நளீபாவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பின் விறாந்தைப் பக்கத்தை அழகுபடுத்தும் வேலை மிச்சமிருந்தது. கடையில் மீந்துகிடந்த சாம்பல் பெயின்டை மரத்தின் மேல் பூசினார். பார்த்தால் சீமெந்துச் சுவர் போலவே இருந்தது. விளிம்பில் ரெஸின் கரடுமுரடாக நின்றதால், வருஷக்கணக்காக யாரும் வாங்காத வெளிர்பச்சை டைல்களைக் கொண்டுவந்து அதன் மேல் பதித்தார். நின்று தீன் போட ஒரு படி கட்டினார். வடிகட்டியிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் அழகாக விழட்டும் என்று பித்தளைக் குழாய் வாய் ஒன்றைப் பொருத்தினார். குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்கும் மருந்தைக் கலக்க ஒரு சிவப்புக் குவளை விளிம்பில் இருந்தது. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது, இதை எங்கேயோ முன்பே பார்த்தது போல் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. நல்ல வேலைப்பாடு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும் என்று விட்டுவிட்டார்.

பிறகு மீன்கள் வந்தன. தங்க மீன்கள் கொஞ்சம், கொழுத்த கோய் மீன்கள் கொஞ்சம். அவற்றோடு ஒரு சட்டமும் வந்தது: தண்ணீருக்குள் யாரும் கை வைக்கக் கூடாது. கையிலுள்ள சவர்க்காரமும் எண்ணெயும் மீனுக்கு நஞ்சு என்பது ஸஹாப்தீனின் பாடம். ஒருநாள் ஷிம்னா சும்மா ஒரு விரலை விட்டுப் பார்த்தாள் என்பதற்காக அவளுக்கு நடந்த உபதேசம், அவள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த நாட்களில்கூட நடந்ததில்லை. தண்ணீருக்குள் அவர் மட்டுமே கை விடுவார், அதுவும் முழங்கை வரை வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு. மீன்கள் அந்தக் கைகளைக் கண்டதும் ஓடி வந்து விரல்களை முத்தமிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஷிம்னாவின் சம்பந்தம் கூடி வந்தது. பையன் ஸியாம். நுகேகொடையில் ஷிம்னா வேலை செய்கிற கணக்காய்வு அலுவலகத்தில்தான் அவனுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஆகவே ஸஹாப்தீனின் தங்கை ஸீனத் எங்கிருந்தோ தேடிப் பிடித்த மாப்பிள்ளை மாதிரி அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார், எல்லாரும் முதல் தடவை கேள்விப்படுவது போலத் தலையாட்டினார்கள். ஷிம்னா இந்தக் கல்யாணத்தை எவ்வளவு விரும்பினாள் என்பதைச் சொல்ல, அந்த நாட்களில் அவள் வாப்பாவைக் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டாள் என்று சொன்னால் போதும்.

தடை என்றால் அது ஒரே ஆள்தான். ஸியாமின் வாப்பா உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார். அந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல் பெரியவாப்பா ஸவாஹிர் ஹாஜியாருடையது. மாளிகாவத்தையில் மரியாதைப்பட்ட மனிதர், ஐந்து நேரத் தொழுகைக்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியாது. தன்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. ஸியாமுக்கு மூத்தவன், அவன் நானா ஜவாதுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் கதிரையின் கால் மடங்கியது. விழுந்ததைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லையாம். குசினிக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்த சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்தார், செருப்பைப் போட்டார், போய்விட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ஜவாத் வேறு வீட்டில்தான் கட்டினான்.

ஹாஜியார் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நளீபா வீட்டிலுள்ள எல்லாக் கதிரைகளிலும் தானே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். மிஞ்சியது புருஷன்தான். தொட்டியைப் பற்றி ஆரம்பித்தால் அவர் ப்ளைவூட் கனத்திலிருந்து சிலிக்கன் வரைக்கும் வந்துதான் நிறுத்துவார் என்று நளீபாவுக்குத் தெரியும்.

“ஷிம்னாட வாப்பா, அண்டைக்கி ஒரு நாளைக்கி மட்டும் மீன் தொட்டியப் பத்தி வாயே தொறக்க வாணாம். புள்ளட வாழ்க்கை இது.”

ஸஹாப்தீன் சத்தியம் செய்து கொடுத்தார். வாய் திறக்க மாட்டார், சரி. தொட்டி தானாகப் பேசினால் அதற்கு அவர் பொறுப்பில்லையே. அந்த வாரம் தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது. வருகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி பளிங்கு மாதிரித் தெரிய வேண்டும் என்று, ஞாயிறு காலையில் எல்லாரும் குசினியில் வேலையாக இருந்தபோது, பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மாடித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஹோஸ் பிடித்துப் புதுத்தண்ணீர் விட்டு, மருந்தும் கலந்து வைத்தார். தொட்டி ஜொலித்தது. மாடித் தாங்கி காலியானது. பகலில் அந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும் என்பதை, கொழும்பில் பாதிப் பேருக்குக் குழாய் விற்ற மனிதர் அப்போது நினைக்கவில்லை.

பின்னேரம் வந்தார்கள். ஹாஜியார், ஜவாத், ஸியாம், இன்னும் இரண்டு உறவுக்காரர்கள். ஸியாமின் உம்மா பைறோஸா பெண்களோடு உள் அறைக்குப் போய்விட்டார். அந்த அறை வாசலில் ஒரு திரை. ஹாஜியாருக்கு வீட்டிலேயே உறுதியான கதிரை, மின்விசிறிக்கு நேர் கீழே. அந்த இடம் தொட்டிக்கு முதுகு காட்டுகிற இடம் என்பதை, ஹாஜியார் தொட்டிப் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்த பிறகுதான் ஸஹாப்தீன் கவனித்தார். மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்ததிலிருந்து ஹாஜியாரின் தோளுக்கு மேலால் மீன்களையே பார்த்தார்கள். பார்க்க வேண்டிய ஒருவர் மட்டும் பாதி பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் செய்த வாயோடு ஸஹாப்தீன் பட்ட பாடு யாருக்கும் வரக் கூடாது.

பேச்சு வழவழவென்று போனது. பெட்டிஸ் ருசியாக இருக்கிறது என்றார் ஹாஜியார். மழை இல்லை என்றார். வந்த விஷயத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. வட்டிலப்பமும் முடிந்தது. அஸருக்கு நேரமாகிவிட்டது, தொழுதுவிட்டுப் பேசுவோம் என்று எழுந்தார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூ செய்ய இடம் கேட்டார். பின் விறாந்தைக் கடைசியில் பேசின் இருக்கிறது என்று ஸஹாப்தீன் கூடவே எழுந்தார். நீங்கள் இருங்கள், எனக்குக் கண் தெரியும் என்று கையைக் காட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டபடி ஹாஜியார் தனியே போனார்.

ஜவாத் ஏதோ வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தினான். எல்லாரும் அவன் பார்த்த பக்கம் பார்த்தார்கள். தொட்டியின் தண்ணீருக்குள் மேலிருந்து இரண்டு கைகள் இறங்கின.

ஆளின் முகம் தெரியவில்லை. கண்ணாடிக்கு மேலே ஸஹாப்தீன் லைட்டை மறைக்க அடித்திருந்த பலகை அதை மறைத்தது. மயிரடர்ந்த பெரிய கைகள், வெள்ளி மோதிரம், அவ்வளவுதான். தீன் என்று நினைத்து மீன்களெல்லாம் ஓடி வந்து விரல்களைச் சூழ்ந்தன. கைகள் ஒரு கணம் திகைத்து நின்றன. பிறகு சந்தோஷமாகத் தண்ணீரை அள்ளிக்கொண்டு மேலே போயின. சுவருக்கு அப்பால் ‘மாஷா அல்லாஹ்’ என்று கேட்டது. மறுபடி கைகள் வந்தன. அடுத்து சிவப்புக் குவளை வந்து மொண்டு போனது, கால் கழுவ. இரண்டாவது முறை வந்தபோது குவளை கைதவறி விழுந்து, மெல்ல ஆடி ஆடிக் கீழே போய் உட்கார்ந்தது. ஒரு தங்க மீன் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தது.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பழைய பள்ளிவாசல்களில் வுழூ செய்கிற தண்ணீர்த் தொட்டியை, ஹவுழை, பார்க்காதவர் அந்த ஹோலில் யாருமில்லை. சாம்பல் சுவர், பச்சை டைல் விளிம்பு, ஏறி நிற்க ஒரு படி, பித்தளைக் குழாயிலிருந்து விழும் தண்ணீர், மொள்ள ஒரு குவளை, உள்ளே நீந்தும் மீன். ஸஹாப்தீன் இத்தனை மாதமும் பாடுபட்டுக் கட்டியது ஒரு ஹவுழ். இதை அவர் முன்பே எங்கே பார்த்தார் என்பதும் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஜவாத் ஒரு முழு ரோல்ஸை வாய்க்குள் திணித்துக்கொண்டு கண்ணை மூடினான். உறவுக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடினார். திரைக்குப் பின்னால் ஸீனத் தன் சாரித் தலைப்பை வாயில் அடைத்திருந்ததாகப் பிறகு நளீபா சொன்னார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஸஹாப்தீனுக்கு முதலில் வந்த நினைவு மகளைப் பற்றியதல்ல, அத்தரைப் பற்றியது. ஹாஜியார் கைகுலுக்கியபோது அடித்த அந்தக் கனத்த ஊத் அத்தர், இப்போது அவருடைய மீன்களின் தண்ணீரில். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தத்தான் எழுந்தார். எழுந்தபோது திரை ஓரத்தில் ஷிம்னா நிற்பது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, இரண்டு கையாலும் திரையைப் பற்றிக்கொண்டு, வாப்பாவைப் பார்த்தாள். ஒரு சிரிப்புச் சத்தம், ஒரு வார்த்தை போதும், ஹாஜியார் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஸஹாப்தீன் ஓடாமல், சத்தமில்லாமல் பின் விறாந்தைக்கு நடந்தார். மகள் அப்படிப் பயந்து நின்றதை அவர் அதுவரை பார்த்ததேயில்லை.

பின் விறாந்தையில் ஹாஜியார் தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“பேசின் குழாய்ல தண்ணி வரல்ல. நல்லதாப் போச்சி. சின்ன வயசில எங்கட பள்ளியில இப்பிடித்தான் இருந்த, மீன் வந்து கையக் கடிக்கும். அத ஒடச்சிட்டு வரிசையாப் பைப் போட்டாங்க. நீங்க வூட்டுக்குள்ளயே ஹவுழ் கட்டி வெச்சீக்கீங்க. ஆருக்கு வரும் இந்த மனசு?”

ஸஹாப்தீன் வாயைத் திறந்தார். மூடினார். நளீபாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம் நல்ல நேரத்தில் கைகொடுத்தது. நீங்களும் செய்யுங்கள், சேர்ந்து ஜமாஅத்தாகவே தொழுதுவிடுவோம் என்று ஹாஜியார் ஒதுங்கி நின்று காத்திருந்தார். வேறு வழியில்லை. ஸஹாப்தீன் சட்டைக் கையை மடித்துவிட்டு, படியில் ஏறி, கழுவாத கைகளைத் தன் தொட்டிக்குள் விட்டார். மீன்கள் வழக்கம்போல் வந்தன. அவற்றின் முகத்தில் விழிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

முடித்துத் திரும்பினால் பின்னால் ஸியாம் நின்றான். சட்டைக் கையை ஏற்கெனவே மடித்திருந்தான். தொட்டியைப் பற்றிய சட்டமெல்லாம் ஷிம்னா அவனுக்குச் சொல்லியிருப்பாள்போல. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“மாமா, நானும் இதுல செய்யட்டா?”

பெரியவாப்பாவைத் தனியே விடாமல் இருக்கத்தான் வந்திருக்கிறான், அதற்கும் தொட்டிக்காரரிடம் அனுமதி கேட்கிறான். ஸஹாப்தீனுக்கு அந்த நிமிஷத்தில் அவனைப் பிடித்துவிட்டது. மகளுக்காகப் பிடித்தது வேறு, இது வேறு. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவனுக்குப் பின்னால் ஜவாத், அவனுக்குப் பின்னால் உறவுக்காரர்கள், கண்கள் சிவந்து, உதடுகளைக் கடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் வந்தார்கள். தண்ணீர் சுத்தமானதுதான், மீன் இருப்பதால் வுழூவுக்குக் குறை வராது. அதனால் தொழுகையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கவலை எல்லாம் தொழுகைக்குப் பிறகு வரப்போவதைப் பற்றித்தான்.

ஹோலில் முஸல்லாக்களை விரித்தார்கள். ஹாஜியார்தான் இமாம். முன்னால் நின்று அமைதியாகத் தொழுவித்தார். தொட்டி எல்லாருடைய முதுகுக்கும் பின்னால் இருந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும், இமாம்கள் செய்வதுபோல, அவர் தொழுதவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

அவருக்கு நேரே சுவர் முழுக்கத் தண்ணீர். லைட் வெளிச்சத்தில் மீன்கள். அடியில் அவர் போட்ட சிவப்புக் குவளை.

நீண்ட நேரம் பார்த்தார். மேலே பலகை, பலகைக்குக் கீழே தண்ணீரின் விளிம்பு, அந்த விளிம்பில் யாருடைய கையிலிருந்தோ வந்த எண்ணெய் ஒரு வானவில் மாதிரி மிதந்தது. எங்கிருந்து அவர் கையை விட்டார், எங்கிருந்து இவர்கள் அதைப் பார்த்தார்கள் என்பதை அவர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. காது சிவந்தது. பிறகு வரிசையில் இருந்தவர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தார். எல்லாருடைய சட்டைக் கைகளும் நனைந்திருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“ஸஹாப்தீன்,” என்றார். “உண்மையச் செல்லுங்க. இது மீன் தொட்டியா, ஹவுழா?”

ஸஹாப்தீன் தொட்டியைப் பார்த்தார். பிளந்த சுவரும், வினாகிரி வாசமும், துவாய்களும், காய்ந்த பேப்பர்த் துண்டும், வாழ்க்கையில் முழுதாக முடித்த ஒரே வேலையும் அங்கே நின்றது. இதை மீன்தொட்டி என்று ஒருதரம் யாரிடமாவது சொல்லத்தான் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்கிறார்கள்.

“ஹவுழ்தான் ஹாஜியார்,” என்றார், தொழுத முஸல்லா மேலேயே உட்கார்ந்துகொண்டு. “மீன் அழகுக்குப் போட்டது.”

ஹாஜியார் அவரையே பார்த்தார். அந்தப் பதிலை அவர் ஒரு நிமிஷமும் நம்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது, அது தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. தாடியை ஒருமுறை தடவினார். கண் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

“அப்ப நல்லம்,” என்றார். “நிக்காஹ் இந்த வூட்டுலயே வெப்போம். வாற ஆம்பளைகள் எல்லாரும் இதுலயே வுழூ செய்யட்டும். எங்கட பக்கத்திலேந்து மட்டும் எரநூறு பேர் வருவாங்க.”

திரைக்குப் பின்னால் ஷிம்னா அழுதாளோ சிரித்தாளோ, அந்தச் சத்தம் ஹோல் வரைக்கும் கேட்டது. அதை ஹாஜியார் தப்பாக எடுக்கவில்லை. ஸஹாப்தீன் அந்த இருநூறு பேரையும் மனக்கண்ணில் பார்த்தார், அவர்களுடைய அத்தரையும் தலைக்கு வைத்த எண்ணெயையும் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“ஓம் ஹாஜியார்,” என்றார். “அதுக்குத்தானே கட்டின.”

சொல்லும்போது மீன்களின் பக்கம் அவர் பார்க்கவில்லை.